கதவைச் சாத்தினால் என்ன தப்பு?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கண் அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெரிகிறது, அதனால் பழைய பொருளாதாரப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன். உன் கேள்வியும் சரியான நேரத்தில்தான் வந்தது.

உலகமே பொருளாதார மந்தத்தில் தள்ளாடும்போது இறக்குமதிக்குக் கதவைச் சாத்தி உள்ளூர் வேலைகளைக் காப்பாற்றினால் என்ன தப்பு என்கிறாய். ஆசையில் தப்பில்லை. ஆலை மூடப்போகிறதே என்று தூக்கம் கெட்டவனிடம் சந்தைத் தத்துவம் பேசினால் யார் கேட்பார்கள்? ஆனால் நாம் வரி போட்டால் அடுத்த நாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே, அதை நீ கணக்கில் சேர்க்கவில்லை.

1930 ஜூனில் அமெரிக்காவில் இறக்குமதி வரிகளை உயர்த்தும் ஸ்மூட்-ஹாலி சட்டம் வந்தது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் மனு கொடுத்தும் அதிபர் ஹூவர் போட்டுவிட்டார். அதில் வந்த முட்டைக் கதையைக் கேள். ஒரு டஜனுக்கு 8 சென்ட் இருந்த வரியை அமெரிக்கா 10 சென்ட் ஆக்கியது. கனடா தன் பக்கத்து வரியை 3 சென்டிலிருந்து அதே 10 சென்டுக்குத் தூக்கியது. 1929இல் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது வெறும் 13 ஆயிரம் டஜன் சொச்சம். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போனதோ 9 லட்சம் டஜனுக்கு மேல். 1932இல் அது 14 ஆயிரம் டஜனைக்கூடத் தொடவில்லை! யாரைக் காப்பாற்றப் போனார்களோ அந்தக் கோழிப் பண்ணைக்காரர்தான் அடிபட்டார்.

இன்னொரு விஷயம், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. அந்தக் காலத்து வரிகளில் பாதிக்கு மேல் விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல், டஜனுக்கு இவ்வளவு, பவுண்டுக்கு இவ்வளவு என்றே இருந்தன. 100 டாலர் சரக்குக்கு 40 டாலர் வரி என்று வைத்துக்கொள். மந்தத்தில் விலை 70 ஆக விழுந்தாலும் வரி அதே 40தான். யாரும் புதுச் சட்டம் போடாமலே சுவர் தானாக உயர்ந்துகொண்டே போனது. வரி கட்டவேண்டிய சரக்குகளின் சராசரிச் சுமை 1932இல் 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. இதற்கிடையில் முதல் உலகப் போரில் அமெரிக்காவிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர ஐரோப்பா டாலர் சம்பாதிக்க வேண்டும், ஆனால் சரக்கை விற்க வழியில்லை. கடனையும் கேட்டு, கடையையும் அடைத்தால் எப்படி?

1929இல் தொடங்கிய அந்தப் பெருமந்தத்துக்கே இந்த வரிதான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கிகள் விழுந்ததும் நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்ததும்தான் பெரிய காரணங்கள். 1929க்கும் 1933க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதில் விலை வீழ்ச்சிக்கும் பெரிய பங்குண்டு. ஆனால் விழுந்தவன் எழுந்திருக்கும் வழியை அந்த வரிப் போட்டிதான் அடைத்தது.

பாடம் படித்துவிட்டோம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2008 நிதி நெருக்கடியின் நடுவே, நவம்பரில், பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி-20இன் தலைவர்கள் வாஷிங்டனில் கூடி, ஓராண்டுக்குப் புது வணிகத் தடை போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சுக்குள் அவற்றில் 17 நாடுகள் ஏதோ ஒரு தடையைப் போட்டுவிட்டன என்று உலக வங்கி எண்ணிச் சொன்னது. 2009இல் சீன டயர்களுக்கு அமெரிக்கா 35 சதவீதக் கூடுதல் வரி போட்டது. சீனா பதிலுக்கு அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டது. காப்பாற்றிய ஒவ்வொரு டயர் வேலைக்கும் மக்கள் டயர் விலையாகக் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 9 லட்சம் டாலர் என்று பீட்டர்சன் ஆய்வு நிறுவனம் பிறகு கணக்குப் போட்டது. அந்தத் தொழிலாளிக்கு நேராகவே சம்பளத்தைக் கொடுத்து வேறு தொழில் கற்றுத் தந்திருந்தாலும் இதில் ஒரு துளிதான் செலவாகியிருக்கும். நான் சொல்வதும் அதுதான்: ஆளைத் தாங்கு, சரக்கைத் தடுக்காதே.

சரி, நான் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. 2007-08இல் இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியைத் தடுத்தன. சில மாதங்களில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது, வாங்கித் தின்னும் ஏழை நாடுகள் திண்டாடின. ஆனால் சொந்த மக்கள் பட்டினி கிடப்பார்களோ என்று அஞ்சும் அரசிடம் கப்பலை அனுப்பு என்று எந்த வாயால் சொல்வது? நீ என்ன நினைக்கிறாய் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்