மாதபாவில் குடியேறியவர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஜோர்டானின் மாதபா ஊரில், தேவாலயத் தரையில் வண்ணக் கற்கள் பதித்துச் செய்த பழைய புனித நாட்டு வரைபடம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அம்மானில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளும், முப்பது கிலோமீட்டர்தானே என்று விடுமுறைக்கு விடுமுறை அந்த ஊருக்குப் போய்விடுவேன். அதனால் ஒரு வரி மனதை உறுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் அலட்சியமாகத் தேவாலயம் கட்டி வரைபடத்தைச் சிதைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சிதைந்தது உண்மைதான். அலட்சியம் என்பது நியாயமில்லை.

தமிழ் வேதாகமத்தில் மேதெபா என்று வருவது இந்த ஊர்தான். மோவாபிய மன்னன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த கல்வெட்டிலும் இதன் பெயர் இருக்கிறது. நபாத்தேயர், ரோமர், பைசாந்தியர் என்று கைமாறி, ஆயர் இருந்த நகரமாக வளர்ந்து, 8ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு வெறிச்சோடிப் போனது. அப்புறம் பல நூற்றாண்டுகள் அது வெறும் இடிபாட்டு மேடு.

1880 வாக்கில், ஜோர்டானின் தெற்கே உள்ள கராக் ஊரில் நடந்த பூசலால் ஊரை விட்டுக் கிளம்பிய கிறித்தவக் குடும்பங்கள் அந்த மேட்டில் வந்து குடியேறின. முன்பு தேவாலயம் இருந்த இடத்தில் மட்டுமே புதிதாகத் தேவாலயம் கட்டலாம் என்பது ஒட்டோமான் அரசு அவர்களுக்குப் போட்ட நிபந்தனை. வழிபட ஓர் இடம் வேண்டுமென்றால் பழைய தரையைத் தேடித்தான் ஆக வேண்டும். 6ஆம் நூற்றாண்டு வரைபடம் வெளிச்சத்துக்கு வந்ததே அப்படித்தான். 1896இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயத்தின் தரையாக அது இன்றும் இருக்கிறது. அதில் மிஞ்சிய எருசலேமின் தூண்வரிசைத் தெருவும் நேயா என்ற பெரிய தேவாலயமும், 1970களில் எருசலேமில் அகழாய்வு நடந்தபோது, படம் காட்டிய இடத்திலேயே கிடைத்தன.

அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அதே ஊரில் வாழ்கிறார்கள். மேடு முழுக்க வீடுகள். 1990களிலிருந்து டொராண்டோ பல்கலைக்கழகக் குழு அங்கே காலியாகக் கிடைத்த இடங்களில் தோண்டி, வெண்கலக் காலம் வரை போயிருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இன்னொன்று. வடக்கு மேலே வரும்படி படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரைபடத்தில் கிழக்குதான் மேலே. திருப்பியதால் கிரேக்க எழுத்துகளெல்லாம் படுத்துக் கிடக்கின்றன. யோர்தான் ஆற்றில் சவக்கடலுக்கு அஞ்சித் திரும்பி நீந்தும் அந்த மீனையும் அடையாளம் காண முடியவில்லை. அடுத்த இதழில் ஒருமுறை சரியான திசையில் போடுங்கள்.

தங்கள் வாசகர்,
நாகர்கோவில்