அந்தப் பாதத்தைப் பொத்தி வைத்திருந்த சிஸ்டருக்கு

மகள் நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

முதல் நன்றி, பிரசவ வார்டில் அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு. குழந்தை பிறந்து 24 மணி நேரம் கடந்திருந்தது. நன்றாகப் பால் குடித்தாள், அழுதாள், தூங்கினாள். வலக்கையிலும் ஒரு காலிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தீர்கள். கையில் 94, காலில் 92. "கால் சில்லென்றிருக்கிறது, அதனால்தான் இருக்கும். தூங்கட்டும், விடுங்கள்" என்றேன் நான். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. அவள் பாதத்தை இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தீர்கள். இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் உங்கள் பணிநேரம் முடிந்து அடுத்தவரும் வந்துவிட்டார், நீங்கள் எழுந்திருக்கவில்லை. பாதம் வெதுவெதுப்பாகிவிட்டது. எண் மட்டும், குறைந்தது இருக்கவேண்டிய 95-ஐத் தொடவே இல்லை.

"பிள்ளை நன்றாகச் சிவந்துதானே இருக்கிறாள்?" என்று கேட்டார் என் அம்மா. "நீலம் நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆக்சிஜன் நிறையவே குறைந்திருக்கும் அம்மா. அதுவரை காத்திருக்க வேண்டாம்" என்றீர்கள். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்த பிறகுதான், அவள் இதயத்தில் பிறவிக் குறை இருப்பது எங்களுக்கு விளங்கியது. கருவில் திறந்திருந்த ஒரு சிறு இரத்தக்குழாய்தான் அவள் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும் குழாய் அது. மறுநாள் நாங்கள் வீடு திரும்புவதாக இருந்தோம்.

விடியுமுன் வந்து எக்கோ எடுத்த மருத்துவர், குழாய் மூடிவிடாமல் ப்ரோஸ்டாகிளாண்டின் மருந்து ஏற்றியபடி ஆம்புலன்ஸில் கூடவே வந்தவர்கள், அறுவை சிகிச்சைக் குழுவினர், இரத்தம் கொடுத்த நண்பர்கள், மூத்தவனைத் தங்கள் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தச் சோதனையில் எல்லா இதயக் குறைகளும் சிக்கிவிடாது, பெருந்தமனிச் சுருக்கம் போன்றவை தப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் வலிக்காத, சில நிமிடச் சோதனை இது. இனி எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், "கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தார்களா?" என்று கேட்காமல் வரமாட்டேன்.

சிஸ்டர், இன்று காலை அதே காலில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. 98.