பூண்டு வேரில் பதினாறு

பூம்பாறை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பூண்டு எடுப்பு முடியும்வரை பேனாவைத் தொட நேரமில்லை. அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். இரண்டாம் ஆண்டில் பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினேன். பிறகுதான், "உன் ஊர்ப் பூண்டையே கொண்டு வா" என்றார்.

பரணில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்ததில் ஒரு பிடி எடுத்துப் போய்த் தண்ணீரில் வேர்விட வைத்தேன். செல்கள் மும்முரமாகப் பிரிவது வேரின் நுனியில்தான்; ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். அதை அமிலத்தில் இளக்கி, சாயமேற்றி, மேலே மெல்லிய கண்ணாடி வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் சற்று நகர்ந்தாலும் கூழாகிவிடும். பதினேழு ஸ்லைடுகள் வீணாயின. பதினெட்டாவதில் குரோமோசோம்கள், அதாவது செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள், தெரிந்தன. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததால் எண்ண முடியவில்லை.

அடுத்த முறை வேரை வெட்டியதும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளில் ஊறவைக்கச் சொன்னார். அது எதில் இருக்கிறது தெரியுமா? ஒட்டன்சத்திரத்தில் உன் மாமனார் போட்டிருக்கும் கண்வலிக்கிழங்கில்! நம் செங்காந்தள்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை அது உருவாகவே விடாது. அந்த இழைகளின் புரதத்தை 1967இல் அடையாளம் கண்டதே, கோல்ச்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியதால்தான். இழுக்க இழையில்லாமல் எல்லாம் சிதறி நின்றன. எண்ணினேன்: 16. மறுபடியும் எண்ணினேன், 16.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது நினைவிருக்கிறதா? அது விதை பிடிப்பதில்லை, பல்லைத்தானே நடுகிறோம். தாத்தா நட்ட செடியின் செல்தான் பிரிந்து பிரிந்து என் ஸ்லைடுவரை வந்திருக்கிறது, செல்வி!

அறிவியல் கழகங்களின் கோடைகால ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. பெங்களூரில் இரண்டு மாதம், ஈஸ்ட் செல்களில் வேலை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியை மட்டும் வெயிலில் காயப்போட்டார்.

ஒன்று மறக்காதே. கண்வலி விதை உரித்த கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டாதே. காயப்போட்ட இடத்தில் அவனை விளையாட விடாதே. அது கொடிய விஷம்.

உன்,
மலர்