நாக்நரே, கேரோகீல் கற்குவைகளுக்குக் காவலர் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஸ்லைகோ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர்,
ஸ்லைகோ கவுன்டி, அயர்லாந்து.

பெறுநர்:
மாண்புமிகு பாரம்பரியத் துறை அமைச்சர் அவர்கள்,
அயர்லாந்து அரசு, டப்ளின்.

பொருள்: புதிய கற்காலக் கல்லறைகளின் பாதுகாப்புக்குக் கோடைக்காலக் காவலர்களும் வழிகாட்டிகளும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்லைகோ கவுன்டியின் நடைவழிக் கல்லறைகள் (உள்ளறைக்குச் செல்லும் கல் நடைவழியோடு கட்டி, பல இடங்களில் மேலே கற்களைக் குவித்து மூடியவை), யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான அயர்லாந்தின் உத்தேசப் பட்டியலில் 2023ஆம் ஆண்டு இடம்பெற்றன. இந்த மண்ணில் குடியேறி வாழும் எங்களுக்கும் அது பெருமைதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் கூட்டமும் ஏறும். கூட்டம் பெருகும் முன்பே காவலுக்கு ஆள் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் நாக்நரே. 327 மீட்டர் உயரக் குன்றின் உச்சியில் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருக்கும் அந்தக் கற்குவை ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் பழமையானது. அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கொனாக்ட்டை ஆண்டதாகப் பழங்கதைகள் சொல்லும் மேவ் அரசி, வடக்கே அல்ஸ்டரில் இருந்த பகைவர்களை நோக்கிப் போர்க்கோலத்தில் நின்றவாறே அதற்குள் புதைக்கப்பட்டிருக்கிறாள் என்பது ஊர்க்கதை. கதையை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு: அந்தக் குவை இன்றுவரை அகழாய்வு செய்யப்படவே இல்லை. உள்ளே இருப்பது எதுவாயினும், வைத்தவர்கள் வைத்தபடியே இருக்க வாய்ப்பிருக்கிறது. அதன் தலைமீது ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஏறும்போது காலடியில் கற்கள் சரிந்து புல்தரை வரை உருண்டு வந்ததையும், அவர் இறங்கிய தடத்திலேயே அடுத்த குடும்பம் குழந்தைகளோடு ஏறியதையும் நேரில் பார்த்தோம். குவையின் சரிவில் அப்படியான தடங்கள் வாய்க்கால்போலப் பள்ளமாகிக் கிடக்கின்றன. அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைச் சுமந்து வந்து குவையில் போடுவது பழைய வழக்கம். இப்போது சிலர் நினைவுப் பொருளாக அங்கிருந்தே கல்லை எடுத்துப் போகிறார்கள். ஏற வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. பலகை கையை நீட்டி யாரையும் தடுக்காது அல்லவா?

கேரோகீலின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிரிக்லீவ் மலையின் சுண்ணாம்புப் பாறை முகடுகளில் பரவியிருக்கும் அந்தக் கல்லறைகளில் ‘ஜி’ என்று குறிக்கப்படும் குவையின் வாசலுக்கு மேலே, அயர்லாந்தின் புகழ்பெற்ற நடைவழிக் கல்லறையான நியூகிரேஞ்சில் உள்ளதைப் போன்று, சூரிய ஒளி உள்ளே நுழைய விட்ட ஒளிச்சாளரம் ஒன்று இருக்கிறது. நியூகிரேஞ்சில் குளிர்கால உதயத்தின் ஒளி நுழையும். இங்கே நடுக்கோடையை ஒட்டிய அந்தி ஒளி நுழைகிறது. ஏற்கெனவே 1911இல் மெக்காலிஸ்டர், பிரேகர், ஆம்ஸ்ட்ராங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்தக் குவைகளைச் சில வாரங்களுக்குள் அவசர அவசரமாகத் தோண்டியதில் இழந்தது போதும். குனிந்து தவழ்ந்து உள்ளே போனால், கல் பலகைகளில் காதலர் பெயரும் ஆண்டும் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். பாசி படிந்த கருமையின் நடுவே அந்தக் கீறல்கள் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. தேசிய நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். அந்த மலையில் சட்டத்தை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்லைகோ நகருக்கு அருகிலுள்ள கேரோமோர் கல்லறைத் தொகுதியே சாட்சி. சீசன் மாதங்களில் அங்கே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். சிறிய குடிசை வீட்டில் இயங்கும் பார்வையாளர் மையத்தில் விளக்கம் கேட்டுவிட்டு வருபவர்கள், கல்வட்டங்களுக்குள் தாமாகவே மரியாதையோடு நடக்கிறார்கள். அந்தக் கேரோமோருக்கு அருகிலேயே குப்பைக் கிடங்கு அமைக்க 1980களில் திட்டமிடப்பட்டதும், உள்ளூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1989இல் அதைத் தடுத்து நிறுத்தியதும் தாங்கள் அறிந்ததே. 1253இல் நிறுவப்பட்ட ஸ்லைகோ மடாலயத்திலும் சீசனில் வழிகாட்டிகள் உண்டு. அங்குள்ள சிற்ப வேலைப்பாடுள்ள பலிபீடம் பத்திரமாக இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் கேட்பது கோட்டையைத்தான். 1300ஆம் ஆண்டையொட்டி ரிச்சர்ட் டி பர்க் கட்டிய பாலிமோட் கோட்டையை, ரயில் நிலையத்தில் இறங்கியதுமே காட்டிவிடலாம். அதற்குக் கனத்த மதில்களும் கோபுரங்களும் காவலாக நிற்கின்றன. கற்குவைக்கு அந்த வசதி இல்லை. ஒரு கல் நகர்ந்தால் அது நகர்ந்ததுதான்.

எனவே மே முதல் செப்டம்பர் வரை வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் நாக்நரே உச்சியிலும் கேரோகீலிலும் தலா இருவரைப் பணியில் அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அபராதம் விதிப்பவர்களை விட, வருபவர்களிடம் கதை சொல்லிக் குவையைச் சுற்றி நடக்கவைப்பவர்களே தேவை. வேலி போட்டு மறித்துவிட வேண்டாம் என்றும் வேண்டுகிறோம். இந்த மலைகள் மக்கள் நடமாட்டத்தோடு இருப்பதே அழகு. கேரோகீல் உட்சுவர்களை ஆண்டுதோறும் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்தால், புதிய கீறல்களை உடனுக்குடன் கண்டறிய முடியும். இதற்கு முழுநேர ஊழியர்கள் உடனே கிடைக்காவிட்டால், உரிய பயிற்சி பெற்று விடுமுறை நாட்களில் தன்னார்வலர்களாக நிற்க எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம்.

வரும் கோடை தொடங்குமுன் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: ஸ்லைகோ