அரும்பிலேயே நிற்கும் குழந்தை: டெல்டா மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பென்ஷன், நிலுவை என்று எதையும் கேட்டு எழுதவில்லை, பயப்படாதீர்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறான். முப்பது வயது தாண்டியாயிற்று, இன்னும் என் எதிரில் உட்கார மாட்டான். கூடவே இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். புத்தகத்தை விரித்து அவளைப் படிக்கச் சொன்னேன். ‘காடு’ என்பதைக் ‘கரடு’ என்றாள். ‘கொடி’ வந்ததும் நின்றுவிட்டாள். கொம்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு இருந்ததுதானா டீச்சர் இவளுக்கும்?” என்றான் அவன்.

பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்கு என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்றாம் வகுப்பில் அவனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தவள் நான்தான். தப்பாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதிவரச் சொன்னேன். நூறு தடவையும் தப்பாகவே எழுதிக்கொண்டு வந்தான். அதைத் திமிர் என்றேன். வாய்க்கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு மா நிலத்துக்கு இத்தனை கட்டு நாற்று என்றால் ஐந்து மாவுக்கு எத்தனை என்று கேட்டு முடிக்குமுன் சொல்வான். அதே கணக்கை எழுதிக் கொடுத்தால் விழிப்பான். ‘கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி’ என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

அவன் படித்த காலத்தில் இருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பேச்சே கிடையாது. அதில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள்தான். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொன்றாக்கி, டிஸ்லெக்சியா (அறிவு இருந்தும் எழுத்தும் படிப்பும் பிடிபடாமல் போவது) உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. இப்படிப்பட்ட குழந்தையைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்பப் பாடம் நடத்துவது பள்ளியின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எனக்கு இருந்த சாக்கு உங்களுக்கு இல்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை பிரித்து, குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள். கடைசி வருஷங்களில் நானே அதில் பாடம் நடத்தினேன். செயலியில் பதிவேற்றும் வேலையைத் திட்டாத நாள் இல்லை, ஆனாலும் நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் சொல்வேன். என் குறை வேறு. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறோம். ஏன் அங்கேயே நிற்கிறது என்று கேட்பதில்லை. ஒரு வருஷம் அரும்பில் இருந்த குழந்தை அடுத்த வருஷமும் அரும்பில் இருந்தால், அதற்கென்று எந்த மணியும் அடிப்பதில்லை.

என் தங்கை மகள் அமெரிக்காவில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவள் சொல்லித்தான் அங்கே நடந்ததைத் தேடிப் படித்தேன். நுண்ணறிவுச் சோதனையில் வரும் மதிப்பெண்ணுக்கும் படிப்பில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் கற்றல் குறைபாடு என்று அங்கே வெகுகாலம் வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு விரியக் குழந்தை மூன்று, நான்கு வருஷம் தோற்க வேண்டும். 2004-இல் திருத்திய அந்நாட்டுச் சிறப்புக் கல்விச் சட்டம், அந்தக் கணக்கை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்றது. முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்து, குழந்தை எப்படித் தேறுகிறது என்பதையும் வைத்து முடிவு செய்யலாம் என்றது. அடுக்கு அடுக்கான உதவி என்று இன்று பேசுவது அங்கே பரவியது அப்படித்தான். முதல் அடுக்கு எல்லாருக்குமான நல்ல பாடம். அதில் தேறாதவர்களுக்கு மூன்று நான்கு பேராக, வாரத்தில் பல நாள், பத்துப் பன்னிரண்டு வாரம் தனிக்கவனம். அதிலும் நகராத ஒன்றிரண்டு பேருக்குத் தனித்தனியாக, இன்னும் நெருக்கமாக.

புது விஷயம் போலச் சொல்கிறார்கள். நம் ஊர்ச் சம்சாரிக்கு இது தெரியாததா? நட்ட பயிர் மஞ்சளடித்தால் பயிரை யாரும் வைவதில்லை. தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து வடித்துவிடுவார். அதற்கும் பச்சை கட்டாவிட்டால் யூரியா. அதற்கும் திட்டுத் திட்டாக மஞ்சள் நின்றால் ஜிங்க் சல்பேட்டைத் தேடிப் போவார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த நாள் கணக்குதான் நம்மிடம் இல்லை. டெல்டாவில் குழந்தை பின்தங்க ஆயிரம் காரணம் உண்டு. நடவுக்குப் போகும் அம்மா கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிடுவார். அப்பா திருப்பூரில், பிள்ளை ஆயாவிடம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை, புயல் விடுமுறை. 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் வீடே இல்லை என்று நினைத்துப் பாருங்கள். இப்படி விட்டுப்போன குழந்தையும் எழுத்து பிடிபடாத குழந்தையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். சின்னக் குழுவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் முதல் குழந்தை சரசரவென்று ஏறிவிடும். மற்றது ஏறாது. வித்தியாசம் அப்போதுதான் தெரியும். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடி போட்டதும் படிக்க ஆரம்பித்த பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

அடுக்குமுறையில் ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேரும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று பரிசோதனையைத் தள்ளிக்கொண்டே போவது. அமெரிக்காவிலும் அது நடந்திருக்கிறது. அடுக்குகளைக் காரணம் காட்டிக் குழந்தையின் மதிப்பீட்டைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 2011-இல் அந்நாட்டுக் கல்வித் துறை மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. நம் ஊரில் ‘கொஞ்சம்’ என்பது ஐந்து வருஷம் வரை போகும்.

கற்றல் குறைபாட்டைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அடையாளப் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பி, டி (b, d) எழுத்துகளைக் குழந்தை மாற்றிப் போடும் என்பார்கள். அதை அப்படியே இறக்கிக்கொண்டால் தமிழ் படிக்கும் குழந்தையிடம் எதைப் பார்ப்பது? இங்கே துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் ஓசை பின்னால் வரும். ‘கொ’ என்றால் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். இதில் வாரக்கணக்கில் தடுமாறும் குழந்தையைக் கவனிக்க வேண்டும். அதே சமயம் ழகரத்தையும் ளகரத்தையும் மாற்றி எழுதுவதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது. ‘வாளப்பளம்’ என்று ஊரே சொல்லும்போது குழந்தை வேறெப்படி எழுதும்!

இன்னொன்று வேகம். எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும் மொழி நம்முடையது. அதனால் சிரமப்படும் குழந்தையும் ஒருவழியாகச் சரியாகவே படித்துவிடும், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, வரி முடிவதற்குள் தொடக்கத்தை மறந்து. சரியாகப் படித்தானா என்று மட்டும் பார்த்தால் தப்பிவிடுவான். கடிகாரம் வைத்து ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் என்று வாரம் ஒருமுறை குறித்தாலே போதும். அதற்குச் செயலி வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நான் கேட்பது பெரிதல்ல. இரண்டு பருவம் தொடர்ந்து அரும்பில் நின்ற குழந்தையின் பெயர், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வட்டார வள மையத்துக்குத் தேதியோடு போக வேண்டும். சிறப்பு பயிற்றுநர் எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார் என்பதற்கும் ஒரு தேதி வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டறிய வந்த நலம் நாடி செயலியில் டிக் அடித்ததோடு முடிந்துவிடக் கூடாது. அந்தப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், சொந்த வண்டியில், பள்ளி பள்ளியாக ஓடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளில் தொடக்க வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதத்தை நீங்களும் மேலே எழுதிக் கேட்கத்தான் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு குழுப்பாடம் எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊரிலேயே மாலைப் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களில் நன்றாகச் செய்தவர்கள் ஊரூருக்கு இருக்கிறார்கள். காலையில் அரை மணி நேரம் மற்ற பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொண்டால், அந்த மூன்று நான்கு பேரோடு ஆசிரியர் உட்காரலாம். மாற்றிச் செய்யாதீர்கள், கஷ்டப்படும் குழந்தைக்குத்தான் அனுபவமுள்ள ஆள் வேண்டும்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கும் முகாமை வட்டாரத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை நடந்தார். ஒரு நாள் டாக்டர் இல்லை, ஒரு நாள் உளவியலாளர் இல்லை, ஒரு நாள் பள்ளிக் கடிதத்தில் சீல் இல்லை. மூன்று நாள் கூலி போயிற்று. நான்காம் தடவை அவர் போகவில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கிடைக்கும், கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். இதெல்லாம் பட்டணத்துப் பெற்றோருக்கு மனப்பாடம். எங்கள் பக்கம் எத்தனை தலைமையாசிரியர்களுக்குத் தெரியும் என்று ஒரு கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் உதவி சான்றிதழுக்காகக் காத்திருக்கக் கூடாது. 2018-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டி எட்டு வயதுக்கு மேல்தான் சான்று என்றது. என்னிடம் படித்தவனின் மகளுக்கு ஏழு. ஒரு வருஷம் சும்மா உட்காரவைக்க முடியுமா? இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று இப்போது எனக்குத் தெரியும். அவள் அப்பாவைச் சும்மா உட்காரவைத்ததும் நான்தானே.

ஞாயிறு காலையில் அவள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். மணலில் எழுதுகிறோம், தீக்குச்சியில் கொம்பு செய்து ஒட்டுகிறோம். முதல் வாரம் ஒரு நிமிஷத்துக்கு ஆறு சொல். போன வாரம் ஒன்பது. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் பள்ளிக்கு உங்கள் பயிற்றுநர் எப்போது வருவார் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்