செந்திலுக்கு, பழைய போர்டு பற்றி

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். மகள் இந்த வருடம் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி கிடையாது.

2.6.32 என்ற பழைய லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் அந்தச் சர்க்யூட் போர்டைப் புது லினக்ஸுக்குக் கொண்டுவர வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். போன வாரம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் போர்டில் நேரம் காக்க டிஎஸ்1307 சிப் இருந்தது. புது ரிவிஷனில் அதற்குப் பதில் பிசிஎஃப்8563 வந்தது. சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பியில் முன்னதன் முகவரி ஹெக்ஸில் 68, பின்னதற்கு 51. போர்டில் எந்தச் சிப் எங்கே என்று கர்னலுக்கு மர வடிவில் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறந்து, அந்தச் சிப்புக்கான ஒரு கணுவில் பெயர், எந்தச் சிப் என்று சொல்லும் 'கம்பேட்டிபிள்' வரி, முகவரி சொல்லும் 'ரெக்' வரி என்று மூன்றே இடத்தில் கை வைத்தேன். டீடிசி என்ற கம்பைலரில் கொடுத்து, வந்த பைனரி கோப்பை (டீடிபி) போர்டில் ஏற்றினேன். வாங்கி வைத்த டீ கூட ஆறவில்லை. கர்னலைத் தொடவே இல்லை. இரண்டு சிப்பையும் இயக்கும் நிரல்களான டிரைவர்களும் ஏற்கெனவே அதில் இருந்தன.

நாம் சேர்ந்து வேலை பார்த்த காலம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு போர்டின் விவரத்துக்கும் கர்னலுக்குள்ளேயே ஒரு சி மொழிக் கோப்பு, அதற்கென்று ஒரு கர்னல். அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு ஒரு போர்டின் கர்னல் இன்னொன்றில் ஏறிவிட்டது. சீரியல் திரையில் 'பூட்டிங் த கர்னல்' என்ற வரி வந்து நின்றது. அதற்கப்புறம் ஒரு எழுத்து வரவில்லை. விடியும்வரை நாம் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது உலகம் முழுக்க ஆர்ம் வகைச் சிப்புகள் பக்கம் இதே பாடுதான். 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து கடுமையாகவே எழுதினார். இதற்கு வழியான டிவைஸ் ட்ரீ புதிதல்ல. சன் நிறுவனத்தின் ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்திலேயே வன்பொருளை மரமாக விவரிக்கும் பழக்கம் இருந்தது. பவர்பிசி என்ற வேறு வகைச் சிப்புகளுக்கான லினக்ஸ் 2005 வாக்கிலேயே அதைத் தட்டையான வடிவில் எடுத்துக்கொண்டது. ஆர்ம் பின்னால் வந்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 கர்னலில்தான் வெவ்வேறு கம்பெனி சிப்புகளுக்கு ஒரே கர்னல் என்பது சாத்தியமானது.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த முகவரியில் எந்தச் சிப் என்பது போர்டைப் பற்றிய உண்மை. அது மரத்துக்குள் போகட்டும். எந்த டிரைவரைச் சேர்ப்பது, எதைத் தனியாக ஏற்றும் மாட்யூலாக வைப்பது என்பது நம் முடிவு; அதன் இடம் கர்னலைக் கட்டும்போது தரும் கர்னல் கான்ஃபிக். எங்கள் டீமில் ஒரு பையன் எத்தனை நொடிக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பது என்பதையும் மரத்தில் எழுதிவிட்டான். வசதியாகத்தான் இருந்தது, ஆனால் நான் விடவில்லை. "இதே போர்டில் நாளைக்கு லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடினாலும் இந்த வரி உண்மையாக இருக்குமா?" என்று கேட்டேன். அவனே அழித்துவிட்டு, அப்ளிகேஷன் செட்டிங்ஸில் வைத்தான். லினக்ஸ் மட்டும் படிக்கும் கோப்பு அல்ல அது. கர்னலை ஏற்றிவிடும் யூ-பூட்டும், ஃப்ரீபிஎஸ்டியும் படிக்கும். இன்று நீ ஃபிளாஷில் எழுதி வைக்கும் டீடிபியை ஐந்து வருடம் கழித்து வரும் கர்னலும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே கர்னலில் தொடங்காதே. முதலில் உன் சிப்புக்கு லினக்ஸ் மூலத்தில் டீடிஎஸ்ஐ கோப்பு (பல போர்டுகளும் பகிர்ந்துகொள்ளும் சிப்பின் விவரம்) இருக்கிறதா பார். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்தப் பழைய போர்டு கோப்பையும் ஸ்கீமாட்டிக்கையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சீரியலும் ஈதர்நெட்டும் வரும் அளவுக்கு ஒரு மரம் எழுதிவிடலாம். மீதியைப் போனில் பேசிக்கொள்வோம்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
குமார்