நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் சிவன் கோயிலின் மேற்கு மதிலை ஒட்டிய நந்தவனத் திருப்பணி இறையருளால் நிறைவடைந்திருக்கிறது. குடமுழுக்கு முடிந்த கையோடு தொடங்கிய வேலை இது. கிணறு தூர்வாரப்பட்டு, மேல்கட்டு புதிதாக எழுப்பப்பட்டது. கம்பிவேலி, வடிகால், மேட்டுப்பாத்திகள், சொட்டுநீர்க் குழாய்கள் எல்லாம் அமைந்துவிட்டன. சென்ற பங்குனி முதல் காலைப் பூசைக்கு வேண்டிய அரளியும் நந்தியாவட்டையும் நம் மண்ணிலேயே பூக்கின்றன. சந்தையிலிருந்து பூ வாங்கும் செலவு மாலைக் கட்டளைக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது உறுப்பினர்கள் பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பணம் கொடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஒரு செடியைக்கூடக் காணோமே?” கேட்டதில் நியாயம் உண்டு. வசூலான தொகையில் பெரும்பகுதி மண்ணுக்கே செலவானது. செடிகளுக்கு ஆனது அதில் சிறு பங்குதான். அப்படிச் செய்ததே சரி என்று குழு உறுதியாக நம்புகிறது. அதற்கான காரணத்தை விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த நிலம் எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளுயரத்துக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும். மழை ஓய்ந்து காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கடற்கரை என்பதால் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் உண்டு. மண்ணில் ஈரம் சில மாதங்கள்தான். ஆக, இங்கே ஒரு செடி பிழைக்க வேண்டுமானால் மழைக்காலத்தில் வேர் அழுகாமலும் கோடையில் வேர் அறுந்துபோகாமலும் இருக்க வேண்டும். களிமண்ணில் இந்த இரண்டு ஆபத்துமே பெரிது.

ஐந்து அடி உயரத்துக்குச் செம்மண் அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. லாரி விலைகூடப் பேசி வைத்திருந்தார்கள். குழு அதை ஏற்கவில்லை. களியின் மேல் வேறு மண்ணைப் பரப்பினால், மழைநீர் மேல்மண்ணில் விரைவாக இறங்கி, களி தொடங்கும் இடத்தில் தங்கிவிடும். மேலே பச்சையாகத் தெரியும் செடியின் வேர் அடியில் ஊறிக்கொண்டிருக்கும். மணலைக் கலக்கலாம் என்றவர்களுக்கும் இதையே சொன்னோம். மிக அதிகமாக மணல் சேர்ந்தால்தான் பலன் உண்டு; கொஞ்சமாகக் கலந்தால் வெயிலில் முன்னைவிட இறுகும். கண்மாய் வண்டலைக் கொண்டுவரச் சொன்னவர்களும் உண்டு. மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து மணல் தோட்டங்களுக்கு வண்டல் அருமருந்து. ஏற்கெனவே களியாக இருக்கும் நிலத்தில் மேலும் களியைக் கொட்டுவதால் என்ன பயன்?

முதலில் மண் பரிசோதனை. நிலத்தின் பல இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் குழி வெட்டி, அரை அடி ஆழம் வரை ஓரத்தைச் சீவி எடுத்த மண்ணைக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவை வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருப்பதாகவும், சோடியம் மிகுதி என்றும் முடிவு வந்தது. அதாவது நம்முடையது வெறும் உவர் நிலம் அன்று, களர் நிலம். வேலையின் போக்கையே தீர்மானித்த செய்தி இது. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போய்விடும். களர் நிலத்தில் சோடியம் களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டு, அவற்றை ஒன்றுசேர விடாமல் பிரித்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அங்கே நீரை மட்டும் விட்டுக் கழுவினால் மண் இன்னும் கெட்டிப்படும்.

இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் களித்துகளில் உள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் சேர்ந்து சிறு பருக்கைகளாகும். இடையில் காற்றும் நீரும் போகும். விடுபட்ட சோடியம் நீரில் கரைந்து நிற்கும். அதை நல்ல நீர் கழுவி வெளியே கொண்டுபோனால்தான் மருந்து முழுமையாக வேலை செய்ததாகும். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. ஆகவே மழையை விட்டால் வேறு வழியில்லை. ஆவணியில் ஆய்வுக்கூடம் சொன்ன அளவுக்கு ஜிப்சம் தூவி உழுது, நிலத்தைச் சிறு வயல்களாக வரப்புக் கட்டிப் பிரித்து, ஐப்பசி மழைக்குக் காத்திருந்தோம். தேங்கிய நீரை ஓரிரு நாள் நிறுத்தி, வடிகால் வழியே வெளியேற்றி, மறு மழையை மறுபடி தேக்கினோம். இந்த உப்புநீர் ஊருணிப் பக்கம் போய்விடக்கூடாது என்பதற்காகவே வடிகாலைத் தெற்கே சுற்றிக் கடலுக்குப் போகும் ஓடையில் விட்டிருக்கிறோம். நேராக வெட்டியிருந்தால் செலவு பாதியாகியிருக்கும் என்றார்கள். ஊர் குடிக்கும் தண்ணீர் ஊருணியில் இருக்கிறது. அந்தச் செலவு தகும்.

மிஞ்சிய ஜிப்சம் மூட்டைகளைச் சிலர் வீட்டுத் தோட்டத்துக்குக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களிமண் எல்லாவற்றையும் ஜிப்சம் இளக்கிவிடாது. சோடியம் மிகுந்த களிக்குத்தான் அது. முதலில் மண்ணைச் சோதித்துவிடுங்கள்.

அதே மழையில் தக்கைப்பூண்டு விதைத்தோம். தேங்கும் நீரையும் களரையும் தாங்கி வளரும் தழையுரச் செடி அதைப்போல் இன்னொன்று இங்கே இல்லை. பூ எடுக்கும் பருவத்தில், ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில், மடக்கி உழுதோம். நன்றாக மக்கும்வரை நிலத்தைத் தொடவில்லை. அறுவடை முடிந்த மாசியில் கிடை மாற்றிவந்த கீதாரி (ஆட்டுமந்தை மேய்ப்பவர்) ஒருவரிடம் பேசி, நந்தவன நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டோம். புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து மண்ணில் இறங்கியதன் பலனை இன்று பாத்தியைக் கிளறிப் பார்ப்பவர்கள் உணரலாம். கிடைக்கூலியாக நெல்லே போதும் என்று சொல்லி, பணத்தில் ஒரு பகுதியைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்த அந்தக் கீதாரிக்குக் குழுவின் நன்றி.

களிமண்ணில் வேலை செய்யப் பதம் பார்ப்பது முக்கியம். பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னால் உழுதால் சேறு கட்டியாகி அடுத்த கோடைவரை உடையாது. பதம் தப்பிவிட்டால் மண்வெட்டி இறங்காது. ஆட்கள் வந்தும் வேலையில்லாமல் திரும்பிய நாட்கள் சில இருந்ததற்கு இதுவே காரணம். பதத்தில் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினோம். பாத்திகளுக்கு இடையில் நடைபாதை விட்டிருக்கிறோம். பூப்பறிப்பவர்கள் அதிலேயே நடக்க வேண்டும். ஈரமான பாத்தியில் ஒருவர் நடந்தாலும் அந்த இடம் அமுங்கி மூச்சடைத்துப்போகும்.

நடும் முறையையும் சொல்லிவிடுகிறோம். களியில் வழுவழுப்பாக வெட்டிய குழி பானையைப் போன்றது. ஊற்றிய நீர் அதற்குள்ளேயே நிற்கும். ஆகவே குழியை ஆழத்தைவிட அகலமாக எடுத்து, சுவரைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்கி, எடுத்த மண்ணோடு மக்கிய எருவையும் வேப்பம் புண்ணாக்கையும் கலந்தே நிரப்பினோம். குழியின் அடியில் மணல் போடவில்லை. தண்டு தொடங்கும் இடம் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்தோம்.

இனி செடிகள். பூசைக்கு எது வேண்டும் என்று குருக்கள் ஐயா சொன்னார். எது இந்த மண்ணில் நிற்கும் என்று குழு பார்த்தது. இரண்டும் ஒத்துப்போனவை முதலில் வந்தன. வில்வம் களரைத் தாங்கும். அரளிக்கு வறட்சியும் உப்புக்காற்றும் பொருட்டே இல்லை. ஆனால் அதன் இலை, பூ, பட்டை எல்லாம் நஞ்சு என்பதால் குழந்தைகளும் ஆடுகளும் எட்டாத உட்புறத்தில் வைத்திருக்கிறோம். நந்தியாவட்டை, பவழமல்லி, செம்பருத்தி ஆகியவை மதில் நிழல் சிறிது விழும் இடத்தில் நன்றாகப் பிடித்திருக்கின்றன. சரக்கொன்றை இன்னும் சிறிய கன்றுதான்.

மழைக்காலத்து வாடை பாக் நீரிணையின் உப்பைச் சுமந்துவந்து இளந்தளிரைக் கருக்கிவிடும். அதைத் தடுக்க வடக்கிலும் கிழக்கிலும் புன்னை, பூவரசு, புங்கன் ஆகியவற்றை நெருக்கமாக நட்டோம். இந்த வரிசையை மட்டும் மற்றவற்றுக்கு முந்தி, தழையுரம் மடக்கியவுடனே நட்டதால், பூச்செடிகள் வந்தபோது ஓரளவு மறைப்பு இருந்தது. நீர் வந்து சேரும் தாழ்ந்த மூலையில் நாவலும் நீர்மருதும் வைத்திருக்கிறோம். சில நாள் தண்ணீரில் நின்றாலும் அவற்றுக்குக் கேடில்லை. ஓடைக்கரையில் தாழை. தாழம்பூ சிவபூசைக்கு ஆகாதே என்று கேட்டார்கள். உத்திரகோசமங்கைச் சிவன் கோயிலில் ஏற்பதுபோல் இங்கே வழக்கமில்லை என்பது தெரியும்; கரை அரிக்காமல் பிடித்துக்கொள்ளவே அதை வைத்தோம்.

மல்லிகைதான் அதிகக் கவனம் கேட்டது. கன்றுகள் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை. தமிழகம் எங்கும் போகும் அந்தக் கன்றுகள் பாம்பன் தீவின் மணலில் வேர்பிடித்தவை. களி அவற்றுக்குப் பழக்கமில்லாதது. அதனால் பாத்திகளிலேயே மிக உயர்ந்த இரண்டை மல்லிகைக்கு ஒதுக்கினோம். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். அப்படித் தெரிந்தபோது லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் தெளித்தோம், இலை தேறியது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். பூ வருகிறதே என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செண்பகமும் ரோஜாவும் கேட்ட உபயதாரர்கள் பொறுத்தருள வேண்டும். இவ்வளவு காரமான களியில் செண்பகம் வாழாது. வைத்துப் பட்டுப்போவதைப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. அரசங்கன்று கொடுத்தவருக்கும் ஒரு சொல்: அது மதிலை ஒட்டி வளர்ந்தால் வேர் மதிலுக்குள் புகும். ஊருணிக்கரையில் நட்டு, கூண்டும் வைத்தாயிற்று. அங்கே செழிப்பாக இருக்கிறது. மழையில் துளசியும் மரிக்கொழுந்தும் பெரும்பாலும் அழுகிப்போயின. அவற்றை மண்தொட்டிகளில் மாற்றி வளர்க்கிறோம்.

தூர்வாரிய கிணற்றின் நீர் குடிக்க ஆகாவிட்டாலும் செடிக்கு ஆகும் என்று சோதனையில் தெரிந்தது. கோயில் மண்டபக் கூரையின் மழைநீரையும் குழாய் வைத்துக் கிணற்றில் இறக்கியிருக்கிறோம். மோட்டார் பழுதானாலும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாத்தியில் விடக் கூடாது என்று பராமரிப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். செடிகளின் அடியில் எப்போதும் பனையோலையும் சருகும் மூடியிருக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் ஈரம் மேலேறி ஆவியாகும். அது கொண்டுவந்த உப்பு மேலே தங்கிவிடும். கோயிலைப் பெருக்கும் சருகைக் கொளுத்தாமல் நந்தவன வாசலில் சேர்த்து வையுங்கள்.

வரும் ஆவணியில் மீண்டும் மண் பரிசோதனை செய்து, தேவையென்றால் மட்டும் ஜிப்சம் இட வேண்டும். அதற்கான தொகை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பொக்லைன் வாடகை, வேலி, கிணறு, ஜிப்சம், எரு, கன்றுகள், கூலி என்று இனவாரியாக எழுதிய வரவு செலவுக் கணக்கு, ரசீதுகளோடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. பிரதோஷ நாட்களில் மாலை பூசைக்குப் பிறகு உறுப்பினர் எவரும் பார்க்கலாம். கேள்வி இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதிக் கொடுத்தால் பதிலோடு வருவோம்.

இப்படிக்கு,
செயலாளர், நந்தவனத் திருப்பணிக் குழு